ஏழு ஈர்க்குச்சிகளும் பத்தொன்பது நிமிடங்களும்

உட்காருங்கள் தம்பி. அந்த நாற்காலி வேண்டாம். அதன் பின்கால் எண்பத்தெட்டாம் ஆண்டில் உடைந்தது. மாற்றித் தருவதாக மூன்று தலைவர்கள் மேடையேறி வாக்களித்திருக்கிறார்கள். இதில் உட்காருங்கள்.

நான் புத்தகம் போலப் பேசுகிறேன் என்று புன்னகைக்கிறீர்கள். புன்னகைத்துக்கொள்ளுங்கள். மேடானில் பிறந்தவள் நான். வீட்டிலும் வீதியிலும் எங்களுக்கு இந்தோனேசிய மொழிதான். தமிழைத் தந்தையார் வரவழைத்துத் தந்த பாடப்புத்தகங்களிலிருந்தும் கோயிலின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பிலிருந்தும் கற்றேன். உங்கள் ஊரில் கடைவீதியில் பேசும் தமிழ் எனக்கு வராது. வராததற்காக நான் வருந்தியதும் இல்லை.

கதவோரப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரைப் பொருட்படுத்தாதீர்கள். வியாழக்கிழமைதோறும் வருவார். கழகத்தின் முத்திரையிட்ட ஒரு கடிதம் கேட்பார். தர இயலாது என்பேன். ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டு எழுந்து போவார். ஐந்து மாதமாக இதுதான் நடக்கிறது. அவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆகவே நாம் தாராளமாகப் பேசலாம்.

சுமத்ராவில் பந்தாடிய தமிழர்களைப் பற்றி எழுதுவதாகச் சொன்னீர்கள். என் தந்தையார் சடையப்பனின் படத்தை எடுத்து வைத்திருக்கிறேன், தருகிறேன். ஆனால் கழகத்தைப் பற்றியும் எழுதத்தானே போகிறீர்கள்? அப்படியானால் சரியாக எழுதுங்கள். தலைவரிடம் கேட்டு எழுதினால் அவர் தம்முடைய தரை ஓடுகளின் பெருமையைத்தான் சொல்வார். நான் இங்கே இருபத்தேழு ஆண்டுகளாகச் செயலாளர். இந்த அலமாரியில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு தாள் இருக்கிறது. ஒன்றுகூட விடுபடவில்லை.

கழகத்தின் பெயர் பிந்தாங் ரெல். தண்டவாள நட்சத்திரம் என்று பொருள். ஐம்பத்து மூன்றில் ரயில் பட்டறைத் தொழிலாளர்கள் பதின்மூன்று பேர் தொடங்கினார்கள். ஜாவாக்காரர்கள், பத்தாக்குகள், மலாய்க்காரர்கள். தமிழர் ஒருவர், அவர் என் தந்தையார். பட்டறையில் கொல்லர், ஆட்டத்தில் நடுக்களத்தின் இடப்பக்கம். பச்சைச் சட்டைக்குச் சிவப்புக் கை வைத்துத் தைத்துக்கொண்டார்கள். ரயில்காரர்களின் இரண்டு கொடிகளின் நிறம். தொழிலாளிக்கு நல்ல நிலத்தை யார் தருவார்கள்? டெலி ஆற்றங்கரையில் எருமைகள் புரண்ட சதுப்பைத் தந்தார்கள். வலது மூலையில் ஒரு பள்ளம். எத்தனை வண்டி மண் கொட்டினாலும் விழுங்கிவிடும். எருமைக்குளம் என்று அதற்குப் பெயர். மழை பெய்தால், உருண்டு வரும் பந்து அங்கே செத்தது போல நின்றுவிடும். வெளியூர்க்காரன் பந்தைத் தாண்டி ஓடிப்போய் விழுவான். எங்கள் ஆள் நிதானமாக நின்று, பந்தை அடியில் கோரித் தூக்கி அடிப்பான்.

அவ்வளவுதான் தம்பி. எங்கள் கலை, எங்கள் உத்தி, எங்கள் வரலாறு, எல்லாம் அந்தப் பள்ளத்துக்குள் அடங்கிவிடும். ஐம்பத்தெட்டில் மாகாணக் கோப்பை: மழை. வெற்றிக் கோலுக்குப் பந்தைத் தூக்கித் தந்தவர் தந்தையார். எழுபத்தாறில் இரண்டாம் பிரிவுக்கு ஏறினோம்: மழை. எண்பத்தேழில் முதல் பிரிவு: மூன்று நாள் அடைமழை. வெயிலில் நாங்கள் வென்ற கோப்பை ஒன்றுகூட இல்லை. அலமாரியின் மேல் பாருங்கள். மூன்றுதான் இருக்கின்றன, மூன்றும் நனைந்து வந்தவை.

முதல் பிரிவில் மூன்றாண்டுகள் இருந்தோம். பிறகு தலைவர்கள் வந்தார்கள்.

முதலில் ஒரு பேருந்து முதலாளி. சட்டையின் மார்பில் பேருந்துப் படம் அச்சடித்தார். போன ஊரிலெல்லாம் பார்வையாளர்கள் எங்கள் ஆட்களை ‘டேய் கண்டக்டர், டிக்கெட் கிழி!’ என்று கூவினார்கள். அடுத்து ஓர் அரசியல்வாதி. தேர்தல் வரையில் நாள்தோறும் மைதானத்துக்கு வந்தார். வென்றபின் வழி மறந்துவிட்டார். இப்போது இருப்பவர் பாக் ஹெண்ட்ரோ, தரை ஓடு வணிகர். பாக் என்றால் ஐயா. பச்சையும் சிவப்பும் கண்ணை உறுத்துகின்றனவாம். சட்டையை வெண்ணெய் நிறத்துக்கு மாற்றினார். அது அவருடைய கடையில் விற்காமல் தேங்கிய ஓட்டின் நிறம். நனைந்தால் உள்ளிருப்பது அனைத்தும் தெரியும்.

பயிற்சியாளர் ரிஸ்வான் வெள்ளைப் பலகையில் அம்புக்குறிகள் வரைவார். அழகாகவே வரைவார். பந்துக்கு அவற்றைப் படிக்கத் தெரியவில்லை. அதற்கு அவர் என்ன செய்வார்? கோல் காவலன் தொகாருக்கு நீண்ட கைகள். ஆனால் அவை இடுப்பைவிட்டு எழுவதில்லை. முன்களத்தில் யூடி. அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்; அவன் ஒருவன் தேறுவான்.

சென்ற பருவத்தின் கணக்கைக் கேளுங்கள். இருபத்தோர் ஆட்டங்களில் ஐந்து வெற்றி, ஐந்து சமநிலை, பதினொரு தோல்வி. எஞ்சியது ஓர் ஆட்டம், இங்கே, ஹரிமாவ் பந்தாய் என்ற கடற்கரைக் கழகத்தோடு. ஒரு புள்ளி கிடைத்தால் இரண்டாம் பிரிவில் நீடிப்போம். இல்லையென்றால் மூன்றாம் பிரிவு. மூன்றாம் பிரிவு என்றால் என்ன தெரியுமா? கோல் வலைக்குள் ஆடு மேயும்.

ஒரு புள்ளி. மாதமோ நவம்பர். நவம்பரில் மேடானில் மதியத்துக்கு மேல் மழை பெய்யாத நாளை நீங்கள் தேடித்தான் பிடிக்க வேண்டும். மழை, சேறு, எருமைக்குளம், ஒரு சமநிலை. கண்ணை மூடிக்கொண்டு வாங்கியிருக்கலாம். பாக் ஹெண்ட்ரோ என்ன செய்தார் தெரியுமா? மழையை நிறுத்த ஆள் வைத்தார்.

சிரிக்காதீர்கள். இந்த நாட்டில் அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். திருமணத்துக்குப் பந்தல் சொல்லுமுன் மழை மறிப்பவரைச் சொல்லிவைத்துவிடுவார்கள். அவர் விடியலிலிருந்து குளிக்கமாட்டார், தண்ணீர் குடிக்கமாட்டார். தென்னை ஈர்க்குச்சிகளில் ஒரு சிவப்பு மிளகாய், ஒரு சின்ன வெங்காயம் என்று கோத்து, இடத்தைச் சுற்றி மண்ணில் நிறுத்திவைப்பார். மேகம் அதைப் பார்த்துவிட்டு மரியாதையாக விலகிப் போகுமாம்.

“இபு, துணை ஆட்சியர் மனைவியோடு வருகிறார். அந்த அம்மாளின் செருப்பில் சேறு படக்கூடாது” என்றார் பாக் ஹெண்ட்ரோ. இபு என்றால் அம்மா; இங்கே என்னை எல்லோரும் அப்படித்தான் அழைப்பார்கள்.

“பாக், நமக்கு வேண்டியதே சேறுதான்.”

“உலகம் முன்னேறிவிட்டது, இபு. நவீனக் கால்பந்து காய்ந்த தரையில் ஆடப்படுகிறது.”

“நவீனக் கால்பந்துக்கு வெங்காயம் எதற்கு?” என்று கேட்டேன். கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு போய்விட்டார். மணியே அடிக்கவில்லை, தம்பி.

ஆட்ட நாளில், மழை மறிக்க வந்த அந்த மனிதரை இந்த அறையில்தான் உட்காரவைத்தார்கள். நான் அவர் பெயரைச் சொல்லாமல் ‘அந்த மனிதர்’ என்றே சொல்கிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது. பெயர் மட்டும் எந்த மொழியிலும் புரிந்துவிடும். நான் பேசாமல் இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை.

“வெங்காயத்தால் வானத்தை நிறுத்திவிடுவீர்களா?” என்றேன்.

“நிறுத்த முடியாது, இபு. கேட்டுக்கொள்ளலாம். கொஞ்சம் தள்ளிப் போய்ப் பெய் என்று கேட்பேன்.”

“எந்த மொழியில் கேட்பீர்கள்?”

“ஜாவா மொழியில். எனக்கு அதுதான் பணிவாகப் பேச வரும்.”

“மேகம் பத்தாக் மேகமாக இருந்தால்?”

சிரித்தார். “அதுவும் விருந்தாளிதானே, இபு. விருந்தாளியிடம் எந்த மொழியிலும் பணிவாகப் பேசலாம்.”

இப்படிப்பட்டவரிடம் என்ன வாதிடுவது? மூடநம்பிக்கை என்றால் எனக்கு உடம்பெல்லாம் கூசும். அன்று காலையில் மாரியம்மன் கோயிலுக்குப் போய், மழை வேண்டித் தேங்காய் உடைத்துவிட்டு வந்திருந்தேன். அது வேறு, தம்பி. அது வழிபாடு. கேட்பதற்கு முறை இருக்கிறது, அர்ச்சனைச் சீட்டு இருக்கிறது. தேங்காய் சரிபாதியாக உடைந்தது. அம்மனிடம் முறைப்படி கேட்ட மழையை, குளிக்காத ஒருவர் வெங்காயத்தைக் காட்டித் திருப்பி அனுப்புவதா?

மதியம் ஒரு மணிக்கு மேகம் வந்தது. கறுத்து வந்தது. கூரைக்கு மேல் வந்து நின்றது. நான் குடையை எடுத்து வைத்தேன். பிறகு... மெல்ல நகர்ந்து, வடக்கே பெலாவான் துறைமுகத்தின் பக்கம் போய்விட்டது. காற்றின் திசை, தம்பி. வேறொன்றும் இல்லை. துணை ஆட்சியரின் மனைவி விசிறிக்கொண்டு சிரித்தாள். பாக் ஹெண்ட்ரோ, தாமே மேகத்தைத் தள்ளிவிட்டவர் போல நெஞ்சை நிமிர்த்தினார்.

காய்ந்த புல்லில் முதல் பாதி நடந்தது. நடந்தது என்பதைவிட ஓடியது என்று சொல்லலாம்; ஓடியவர்கள் அவர்கள், நின்றவர்கள் நாங்கள். அவர்களுடைய வலப்பக்கத்தான் ஒருவன், கொசு போல இருந்தான். எங்கள் பின்களத்தில் மூன்று பேரைச் சுற்றி வந்து அடித்தான். தொகார் கையை இடுப்பிலிருந்து எடுப்பதற்குள் பந்து வலைக்குள் கிடந்தது. இடைவேளையில் பூஜ்யத்துக்கு ஒன்று.

இடைவேளையில் நான்கு மூலைக் கொடிகளையும் சுற்றிப் பார்ப்பது என் வழக்கம். இருபத்தேழு ஆண்டுகளாக. கொடிக்கம்பம் சாய்ந்திருக்கக் கூடாது. அன்றும் சுற்றினேன். கம்பிவேலிக்கு உள்ளே அந்தக் குச்சிகள் நின்றன. இங்கே கவனியுங்கள். மைதான ஒழுங்குமுறையின் பதினான்காம் விதி: வேலிக்கு உள்ளே உணவுப் பொருள் கிடக்கக் கூடாது. விதியை எழுதியவள் நான்தான். மிளகாய் உணவுப் பொருளா இல்லையா? வெங்காயம்?

அகற்றினேன். இதோ, மேசைமேல் இந்தக் கூட்டில் பென்சில்கள் நிற்பதைப் போலத்தான் நின்றன. குனிந்து, இரண்டு விரலால், இப்படி. ஒன்று. வடக்கு மூலையில் இரண்டு, மூன்று. கோல் கம்பத்தின் பின்னால் நான்கு. எருமைக்குளத்தின் ஓரமாக ஐந்து. ஆறு. ஏழாவது, துணை ஆட்சியரின் மனைவி அமர்ந்திருந்த மேடைக்கு நேர் கீழே. ‘வணக்கம் அம்மா’ என்று சொல்லிக்கொண்டே அதையும் எடுத்தேன். ஏழையும் கைப்பையில் போட்டுக்கொண்டேன். மறுநாள் துவையல் அரைத்தேன். பொருளை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது.

அவர் ஏன் இந்தப் பக்கம் பார்க்கிறார்? பார்க்கட்டும். ஐந்து மாதமாக இந்த அறையில் அவர் பார்ப்பதற்கு வேறென்ன இருந்தது?

ஐம்பத்தெட்டாவது நிமிடத்தில் மழை வந்தது. வந்தது என்றா சொன்னேன்? கவிழ்ந்தது. துணை ஆட்சியரின் மனைவி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். அறுபத்து மூன்றில் அந்தக் கொசுப் பையன் பந்தோடு எருமைக்குளத்துக்குள் வந்தான். பந்து நின்றது. அவன் நிற்கவில்லை. யூடி ஓடவில்லை, தம்பி, நடந்து போனான். பந்தைக் கோரித் தூக்கினான். அது காவலனின் தலைக்கு மேலே போய், மழையோடு மழையாக வலைக்குள் விழுந்தது. ஒன்றுக்கு ஒன்று. என் தந்தையார் இருந்திருந்தால்... சரி, அதை விடுங்கள். அந்த எட்டு நிமிடங்கள் நாங்கள் இரண்டாம் பிரிவில் இருந்தோம்.

எட்டு நிமிடம்தான். எழுபத்தொன்றாவது நிமிடத்தில் பந்து மிதந்தது. கோடு தெரியவில்லை. நடுவர் ஊதி நிறுத்தினார். முக்கால் மணி நேரம் காத்திருந்தோம், மழை குறையவில்லை. ஆட்டம் கைவிடப்பட்டது. எஞ்சிய பத்தொன்பது நிமிடங்களை மறுநாள் ஆட வேண்டும் என்பது விதி. எங்கள் மைதானம் மறுநாள் குளமாகக் கிடந்ததால் பக்கத்து நகரத்தின் செயற்கைப் புல்லுக்கு மாற்றினார்கள். பச்சை நெகிழிப் பாய், சொட்டு ஈரம் இல்லை, மேலே சுள்ளென்று வெயில். எண்பத்து நான்காவது நிமிடத்தில் அதே கொசு. ஒன்றுக்கு இரண்டு.

பத்தொன்பது நிமிடம் நின்று காட்டத் தெரியாத பதினொரு பேர்! அம்புக்குறி வரைகிற ஒரு பயிற்சியாளர்! செருப்புக்காக வானத்தோடு பேரம் பேசிய ஒரு தலைவர்! கீழே இறங்கினோம். காரணம் யார் யார் என்று கேட்டால் வரிசையாகச் சொல்வேன்; தாளில் எழுதி வைத்திருக்கிறேன். வரிசையில் எல்லோரும் இருக்கிறார்கள்.

என்ன கேட்கிறீர்கள்? மழை அவ்வளவு பெய்யாமல் இருந்திருந்தால் ஆட்டம் அன்றே முடிந்திருக்கும் என்கிறீர்களா? அளவாகப் பெய்திருக்கலாம்தான். அதற்கு நான் என்ன செய்வேன்? தேங்காய் உடைக்கும்போது அளவு சொல்லவில்லை.

அந்த மனிதருக்கு என்ன ஆயிற்று என்றுதானே அடுத்து கேட்பீர்கள்? பாக் ஹெண்ட்ரோ செய்தியாளர்களைக் கூட்டி, மழை மறிப்பவர் தம் வேலையைச் செய்யவில்லை, அதனால்தான் கழகம் இறங்கியது என்று அறிவித்தார். தலைவர் வாயால் ஒரு பழி கிடைத்தால் ஊர் விடுமா? அவர் தெருவில் போனால் கடைக்காரர்கள், “குடையை எடு, குடையை எடு, ஐயா வருகிறார்!” என்று கூவுகிறார்கள். திருமண வீட்டார் அழைப்பதில்லை. சொந்தப் பேத்தியின் திருமணத்துக்கே பிஞ்ஜாயிலிருந்து வேறோர் ஆளை வரவழைத்தார்களாம். இவர் பந்தலின் ஓரத்தில் விருந்தாளியைப் போல உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தாராம்.

ஆம், அவர்தான். திரும்பிப் பார்க்காதீர்கள்.

ஆட்டம் நின்றவுடனே அவர் மைதானத்தைச் சுற்றிப் பார்த்திருக்கிறார். ஏழு குச்சிகளில் ஒன்றுகூட இல்லை. மறுவாரம் இங்கே வந்தார். “இபு, யாராவது எடுத்ததைப் பார்த்தீர்களா?” என்றார். குப்பை அள்ளுபவர்கள் எடுத்திருக்கலாம் என்றேன். கோபப்படவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார். மழைக்கு முன்பே குச்சிகள் அகற்றப்பட்டன என்று, கழகத்தின் தாளில், முத்திரையோடு ஒரு கடிதம். அதைப் பேத்தியின் வீட்டில் காட்ட வேண்டுமாம்.

நீங்களே சொல்லுங்கள். அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வரலாறுள்ள ஒரு கழகம், மிளகாயும் வெங்காயமும் மழையைத் தடுக்கும் என்று முத்திரையிட்டுச் சான்று தரலாமா? அறிவுள்ளவர்கள் சிரிக்கமாட்டார்களா? மேலும், அகற்றப்பட்டன என்று எழுதினால், அகற்றியவர் யார் என்று எழுத வேண்டும். பெயரில்லாத கடிதம் எதையும் நான் இதுவரை தட்டச்சு செய்ததில்லை. நான் அதை நம்பவில்லை, தம்பி. நம்புகிற ஒருத்தி பிடுங்கியிருந்தால் அது குற்றம். நம்பாதவள் பிடுங்கினால் அது குப்பை அகற்றல். இதில் எங்கே பிழை இருக்கிறது? சொல்லுங்கள், எங்கே பிழை?

ஏன் என் மடியைப் பார்க்கிறீர்கள்? ஓ, பென்சில்கள். எடுத்ததை மறுபடி வைக்க மறந்துவிட்டேன்.

பொறுங்கள். எழுந்து வருகிறார். நேரம் ஆகிவிட்டதா? இல்லை, இன்னும் இருபது நிமிடம் இருக்கிறதே. நீங்கள் பேசாமல் இருங்கள், தம்பி. நான் பார்த்துக்கொள்கிறேன்.

...

போய்விட்டார்.

நீங்கள் பார்த்தீர்கள் அல்லவா? என் மடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, கூட்டில் நிமிர்த்தி வைத்தார். ஏழையும். வைத்து முடித்து, ‘ஏழு’ என்றார், அவருடைய மொழியில். பிறகு என்ன பேசினோம் என்று உங்களுக்குப் புரிந்திருக்காது. “இபு, கையால்தான் எடுத்தீர்களா, காலால் தட்டிவிட்டீர்களா?” என்று கேட்டார். கையால்தான் என்று சொல்லிவிட்டேன். காலால் தட்டுகிறவளா நான்? “எப்போது?” என்றார். இடைவேளையில் என்றேன். வாய் தானாகச் சொன்னது, தம்பி. தேதியும் நேரமும் கேட்டால் சரியாகச் சொல்லிப் பழகிய வாய். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கும் பதில் இருந்தது. “அப்படியென்றால், குச்சிகள் நின்ற வரையில் அது என் பேச்சைக் கேட்டிருக்கிறது” என்றார். “நன்றி, இபு. இனி கடிதம் வேண்டாம். நான் தவறிவிட்டேனோ என்றுதான் எனக்குத் தூக்கம் வரவில்லை.”

கடிதம் வேண்டாமாம்! ஐந்து மாதம் என் பெஞ்சைத் தேய்த்துவிட்டு, இப்போது வேண்டாமாம். அவருக்குத் தெரிந்தால் போதுமாம். தெருவில் குடையை எடு என்று கூவுகிறவனுக்குத் தெரிய வேண்டாமா? அந்தப் பேத்திக்கு? காகிதத்தில் இல்லாதது நடந்ததாக யார் ஒப்புக்கொள்வார்கள்? என்ன ஒழுங்கில்லாத மனிதர்!

அந்தத் தாளை எடுங்கள். கழகத்தின் பெயர் அச்சிட்ட தாள், மேல் தட்டில். நான்கு நிமிட வேலை இது. தேதி. பொருள்: ஆட்ட நாளன்று நடந்தது குறித்து. ‘வேலிக்குள் நிறுத்தப்பட்டிருந்த ஏழு குச்சிகளும் இடைவேளையின்போது அகற்றப்பட்டன. அதுவரை மழை பெய்யவில்லை.’ இது நடந்தது. இதில் நம்புவதற்கோ நம்பாததற்கோ ஒன்றும் இல்லை. ‘அகற்றியவர்...’

‘அகற்றியவர், கழகச் செயலாளர் ச. தனபாக்கியம்.’

முத்திரை. மை ஈரமாக இருக்கிறது; ஊதினால் காய்ந்துவிடும். இந்தாருங்கள். எனக்கு முழங்கால் வலி, நீங்கள் ஓடுங்கள். வாயிலைத் தாண்டியிருக்கமாட்டார். வெளியே பாருங்கள், எவ்வளவு கறுத்துவிட்டது. குடையும் கொண்டுவராமல் வந்திருக்கிறார். இன்னும் ஒரு துளிகூட விழவில்லை... காற்றின் திசை. காற்றின் திசைதான். தாள் நனையக் கூடாது, சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இதில் எனக்குச் சிறிதும் நம்பிக்கை இல்லை என்பதையும் அவரிடம் சொல்லி... வேண்டாம். அதை உங்களால் அவர் மொழியில் சொல்ல முடியாது. பெயரைச் சொன்னால் போதும், நின்றுவிடுவார். சர்மான். பாக் சர்மான். உரக்கக் கூப்பிடுங்கள், தம்பி; கடைத்தெரு முழுவதற்கும் கேட்கட்டும்.